கட்டுமான நிர்வாகம் படிப்பவருக்குப் பாதுகாப்பை யார் கற்பிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் இறுதித் தவணையை முடிக்கும் ஆண்டின் தொடக்க மாதங்களில், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்ற பேச்சு நம் வீடுகளில் சூடுபிடிக்கும். மருத்துவம், சட்டம், கணினி, கணக்கியல் என்று வரிசை போகும்; பொறியியல் என்றால் இயந்திரம், மின்னியல் என்பதோடு நின்றுவிடும். கட்டுமான நிர்வாகம், வேலையிடப் பாதுகாப்பு, பொறியியல் தொழில்நுட்பம் ஆகிய பட்டப்படிப்புகள் அந்தப் பேச்சில் அரிதாகவே தலைகாட்டுகின்றன. தலைகாட்டினாலும், "வெயிலில் நிற்கிற வேலைக்கு எதற்குப் பட்டம்?" என்ற ஒரே கேள்வியில் அடங்கிவிடுகின்றன. சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்துவரும் ஒருவன் என்ற முறையில், இந்தப் படிப்புகளைப் பற்றி நம் பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுத விரும்புகிறேன். அதனினும் முக்கியமாக, இந்தப் படிப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன். வேலை அட்டவணையைப் போடப்போகிறவர், பாதுகாப்பையும் அதே பட்டத்துக்குள், அதே வகுப்பறையில், மதிப்பெண்ணுக்கு உரிய முதன்மைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள்.

இந்த மூன்று படிப்புகளும் எதைக் கற்பிக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொறியியல் பட்டம் கணக்கீட்டையும் வடிவமைப்பையும் முதன்மையாகக் கொண்டது என்றால், பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் அந்த வடிவமைப்பைக் களத்தில் செயல்படுத்துவதையும், சோதிப்பதையும், பழுதறிவதையும் முதன்மையாகக் கொண்டது. கட்டுமான நிர்வாகம் என்பது செலவு, காலம், ஒப்பந்தம், ஆள்பலம், தரம் ஆகியவற்றைக் கட்டி மேய்க்கும் படிப்பு. வேலையிடப் பாதுகாப்புப் படிப்பில் இடர் மதிப்பீடு, தொழில்சார் சுகாதாரம், சட்டம், விபத்து விசாரணை, மனிதர்கள் ஏன் தவறுகிறார்கள் என்ற உளவியல் எல்லாம் அடங்கும். அமெரிக்காவில் இவற்றுக்கு நல்ல வேர் உண்டு. பட்டப்படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஏபெட் என்ற அமைப்பு, பொறியியலுக்கு ஓர் ஆணையத்தையும் பொறியியல் தொழில்நுட்பத்துக்கு மற்றோர் ஆணையத்தையும் தனித்தனியே வைத்திருக்கிறது. கட்டுமானக் கல்விக்கென்றே 1974ல் தொடங்கப்பட்ட தனி மன்றமும் அங்கு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் எல்லன்ஸ்பர்க் நகரில் உள்ள சென்ட்ரல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் தொழில்நுட்பம், பாதுகாப்பு, கட்டுமானம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே துறையாக வைத்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்த அந்த ஏற்பாடுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது.

நம் நாட்டிலும் படிப்புகளுக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்கட்டமைப்பு, திட்ட நிர்வாகப் பட்டம் இருக்கிறது. 2009ல் தொடங்கப்பட்டு 2014ல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமான சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், வேலையிடப் பயிற்சியோடு பின்னிய நடைமுறைப் பொறியியல் பட்டங்களை வழங்குகிறது. அதன் மாணவர்கள் மாதக்கணக்கில் நிறுவனங்களில் வேலை பார்த்தபடியே படிக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் படிக்க நினைப்பவர்களுக்குச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் கட்டட, திட்ட நிர்வாகப் பட்டமும், பாதுகாப்பில் மனிதக் காரணிகள் பற்றிய பட்டமும் உள்ளன. ஆக, கதவுகள் திறந்தே இருக்கின்றன. ஆனால் நிர்வாகத்துக்கு ஒரு கதவு, பாதுகாப்புக்கு இன்னொரு கதவு என்று அவை தனித்தனியாக இருப்பதுதான் என் கவலை.

இந்தப் பிரிவு வகுப்பறையில் தொடங்கிக் கட்டுமானத் தளத்தில் முற்றிவிடுகிறது. 10 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்த மதிப்புள்ள கட்டுமானத் தளத்தில் மனிதவள அமைச்சில் பதிவுபெற்ற பாதுகாப்பு, சுகாதார அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒப்பந்தம் கைக்கு வந்து, அட்டவணை தயாராகி, துணைக் குத்தகைக்காரர்கள் முடிவாகி, பாரந்தூக்கிகள் எங்கே நிற்கும் என்பதுகூடத் தீர்மானமான பிறகுதான் பல இடங்களில் பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்கிறார். அவருக்கு முன்னால் வைக்கப்படுவது ஏற்கெனவே முடிவெடுக்கப்பட்ட ஒரு வேலை. அதில் அவர் செய்யக்கூடியது குறை கண்டுபிடிப்பதும், படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், ஆபத்தான வேலைக்கு அனுமதி தரும் பெர்மிட் தாளில் கையெழுத்திடுவதும், தேவைப்பட்டால் வேலையை நிறுத்துவதும்தான். நிறுத்தினால் திட்ட நிர்வாகியின் முகம் கறுக்கிறது. நிறுத்தாமல் விட்டால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரக்கூடும். ஒருவர் காலத்தைக் காப்பவராகவும் மற்றவர் உயிரைக் காப்பவராகவும் பிரிந்து நின்று, நாள்தோறும் பேரம் பேசும் நிலை இது. திறமையும் மனச்சாட்சியும் உள்ள பாதுகாப்பு அதிகாரிகள் பலரை நான் அறிவேன். அவர்களை இந்த நிலையில் நிறுத்தியிருப்பது, பாதுகாப்பை வேறொருவரின் வேலையாகக் கருதப் பழகிய நிர்வாகக் கல்வி.

அன்றாடம் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். மாடித் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றியதும் அதைத் தாங்கி நிற்கும் பலகை அடைப்புகளையும் இரும்பு முட்டுகளையும் எந்த நாளில் எடுப்பது என்பது ஒவ்வொரு மாடியிலும் எழும் கேள்வி. கான்கிரீட் ஊற்றும்போதே எடுத்துவைத்த கனசதுர மாதிரிகளை 7 நாளிலும் 28 நாளிலும் ஆய்வுக்கூடத்தில் அழுத்தி உடைத்துப் பார்ப்பார்கள். வடிவமைப்பில் சொன்ன வலிமை 28 நாளுக்கு உரியது. ஆனால் அவ்வளவு நாள் முட்டுகளை அப்படியே விட்டுவைக்க எந்த அட்டவணையிலும் இடமிருக்காது. அடுத்த மாடிக்கு அதே முட்டுகள் வேண்டும். கீழே சுவர் எழுப்புகிறவர்கள் காத்திருக்கிறார்கள். குளிர்சாதனக் குழாய் பதிப்பவர்கள் போன வாரமே வந்திருக்க வேண்டியவர்கள். மழைக்காலமாக இருந்தால் ஏற்கெனவே சில நாள் போயிருக்கும். இந்த நேரத்தில் திட்ட நிர்வாகியின் மேசையில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: நாளைக் காலையில் எடுக்கலாமா? கான்கிரீட் எப்படி இறுகுகிறது, எந்த முட்டுகளை எடுத்துவிட்டு எவற்றை மறுபடி கொடுக்க வேண்டும் என்பது தொழில்நுட்ப அறிவு. ஒரு நாள் தள்ளிப்போட்டால் எந்தெந்த வேலை பின்தங்கும், எந்த வேலையில் அந்த நாளை மீட்கலாம் என்பது நிர்வாக அறிவு. எடுக்கும்போது கீழே யார் இருப்பார்கள், எந்தப் பகுதியை அடைக்க வேண்டும், எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்பது பாதுகாப்பு அறிவு. பதில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதைச் சொல்பவரும் ஒருவராகத்தான் இருப்பார். அந்த ஒருவருக்கு மூன்றில் இரண்டை மட்டும் கற்பித்து அனுப்புவது எந்த வகையில் சரி?

2004 ஏப்ரல் 20ஆம் தேதி பிற்பகலில் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து விழுந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வட்ட ரயில் பாதைக்காக 30 மீட்டர் அளவுக்கு ஆழம் தோண்டிக்கொண்டிருந்த இடம் அது. நால்வர் மாண்டனர். தம் ஆட்களை வெளியேறச் சொல்லி அனுப்பிவைத்த ஃபோர்மன் ஒருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அந்த விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு கண்டறிந்தவற்றைக் கட்டுமான நிர்வாகம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் வரிவரியாகப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால், அதில் வரும் எந்தக் காரணத்தையும் "இது பொறியாளர் பார்க்க வேண்டியது", "இது பாதுகாப்பு அதிகாரி பார்க்க வேண்டியது" என்று தனியாகப் பிரித்து ஒதுக்கிவிட முடியாது.

அந்த இடத்தில் மண் என்பது மென்மையான கடற்களிமண். பள்ளத்தின் இருபுறமும் நிற்கும் தடுப்புச் சுவர்களை வடிவமைத்தபோது, மண்ணின் வலிமையை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் முறையில் கணினிக் கணக்கீடு செய்யப்பட்டிருந்தது. அதனால் சுவர் தாங்க வேண்டிய சுமை குறைத்து மதிப்பிடப்பட்டது. இரு சுவர்களும் உள்நோக்கிச் சாயாமல் இருக்க, குறுக்கே அடுக்கடுக்காக எஃகு முட்டுத்தண்டுகள் கொடுக்கப்பட்டிருந்தன. அந்தத் தண்டு, சுவரோரம் ஓடும் கிடைவிட்டத்தில் வந்து சேரும் இணைப்பும் போதிய வலிமையின்றி வடிவமைக்கப்பட்டிருந்தது. முதலில் தகடுகள் வைத்து வலுப்படுத்தியிருந்த சில இணைப்புகளில் பிறகு 'சி' வடிவ எஃகுச் சட்டங்கள் பயன்படுத்தப்பட்டன. அந்த மாற்றம், இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று நெளிந்து விட்டுக்கொடுக்கும் நிலையை உண்டாக்கியது. ஒன்பதாவது அடுக்கில் அந்த இணைப்பு விட்டுக்கொடுத்ததும் அதன் சுமை மற்ற அடுக்குகளுக்கு ஏறியது. அவற்றாலும் தாங்க முடியவில்லை.

இதுவரை சொன்னது கணக்கின் கதை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய வாரங்களின் கதை. சுவர் எவ்வளவு நகர்கிறது என்பதைக் காட்டும் கருவிகள் மண்ணில் பதிக்கப்பட்டிருந்தன. அவை காட்டிய அளவுகள் வடிவமைப்பு அனுமதித்த எல்லையைத் தாண்டின. தாண்டியபோது வேலை நிற்கவில்லை. மறுகணக்குப் போட்டு எல்லை உயர்த்தப்பட்டது, தோண்டுதல் தொடர்ந்தது. விபத்து நடந்த அன்று காலையிலேயே எஃகு நெளிவது கண்ணில் பட்டு, அதை வலுப்படுத்தும் முயற்சியில் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அன்று காலை முதல் பிற்பகல்வரை இருந்த அந்தச் சில மணி நேரத்தில், கருவியின் எண்ணைப் புரிந்துகொள்ளும் தொழில்நுட்ப அறிவும், ஆட்களை உடனே வெளியேற்ற வேண்டும் என்ற பாதுகாப்பு உணர்வும், வேலையை நிறுத்தும் நிர்வாக அதிகாரமும் ஒரே மனிதரிடம் கூடியிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். குறைந்தது, அந்தப் பள்ளத்தில் மனிதர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1986 மார்ச் 15ஆம் தேதி, நம் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து விழுந்து 33 பேர் மாண்டதை லிட்டில் இந்தியாவில் வளர்ந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். கட்டடத்தின் சொந்த எடையே கணக்கில் சேர்க்கப்படாமல் போனதை விசாரணை வெளிப்படுத்தியது. ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் நம் சட்டங்கள் இறுகின என்பதையும் சொல்ல வேண்டும். 1989ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, வடிவமைப்பைச் சுயேச்சையான மற்றொரு பொறியாளர் சரிபார்க்கும் முறை ஏற்பட்டது. 2006ல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2016 ஆகஸ்ட் முதல், 10 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களில் வடிவமைக்கும் கட்டத்திலேயே ஆபத்துகளைக் களைய வேண்டும் என்ற விதிமுறைகள் நடப்புக்கு வந்தன. கட்டட உரிமையாளர், வடிவமைப்பாளர், குத்தகைக்காரர் எல்லாருமே பொறுப்புக்குள் கொண்டுவரப்பட்டார்கள். 2022 அக்டோபரில் தலைமை நிர்வாகிகளுக்கும் இயக்குநர் சபைக்குமான நடைமுறைக் கோட்பாடு வெளியானது. 2024 ஜூன் முதல், 5 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானத் தளங்களில் காணொளிக் கண்காணிப்பு கட்டாயம்.

இந்தச் சட்டங்களின் போக்கைக் கவனித்தால், பாதுகாப்பின் பொறுப்பு தளத்தில் நிற்கும் அதிகாரியின் தோளிலிருந்து மெல்ல மெல்ல மேலே, முடிவெடுப்பவர்களை நோக்கி நகர்ந்திருப்பது தெரியும். பலனும் தெரிகிறது. 2004ல் 100,000 ஊழியருக்கு 4.9 ஆக இருந்த மரண விகிதம் 2023ல் 0.99 ஆகக் குறைந்தது. ஆனால் 2024ல் அது மறுபடி 1.2 ஆக ஏறியது. அந்த ஆண்டு வேலையிடங்களில் உயிரிழந்த 43 பேரில் 20 பேர் கட்டுமானத் துறையினர். சட்டம் முடிவெடுப்பவரிடம் போய்விட்டது. முடிவெடுப்பவரை உருவாக்கும் பட்டப்படிப்பும் அங்கே போய்ச் சேர வேண்டும். முதலாம் ஆண்டில் விருப்பப் பாடமாகவோ, வேலைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் ஒரு வாரச் சான்றிதழாகவோ பாதுகாப்பைக் கற்பிப்பது இனி போதாது. அட்டவணை போடக் கற்பிக்கும் பாடத்திலேயே, அந்த அட்டவணையில் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஆபத்தான வேலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்க்கக் கற்பிக்க வேண்டும். செலவு மதிப்பீட்டுப் பாடத்திலேயே சாரத்துக்கும் விளிம்புத் தடுப்புக்கும் ஒதுக்கும் தொகையைப் பேச வேண்டும். ஒப்பந்தப் பாடத்திலேயே, மிகக் குறைந்த விலை கேட்ட துணைக் குத்தகைக்காரர் அந்த விலையை எதைக் குறைத்துக் கொடுக்கிறார் என்று கேட்கப் பழக்க வேண்டும்.

தொழில்நுட்பம் மாறும் வேகமும் இதையே கேட்கிறது. சுவர், தரை, ஓடு, குழாய் எல்லாம் பொருத்தப்பட்ட முழு அறையைத் தொழிற்கூடத்திலேயே செய்து கொண்டுவந்து அடுக்கும் முறை இன்று பரவலாகிவிட்டது. இதனால் உயரத்தில் நின்று செய்யும் வேலை குறைகிறது. அது பெரிய நன்மை. ஆனால் 20 டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரு பெட்டியைப் பாரந்தூக்கி வானத்தில் சுமந்து வரும்போது, ஆபத்து இடம் மாறியிருக்கிறதே தவிர இல்லாமல் போகவில்லை. தூக்கும் திட்டம், தரையின் தாங்குதிறன், காற்றின் வேகம், கீழே உள்ள பாதை எல்லாவற்றையும் படித்த ஒருவர் அங்கே வேண்டும். சாங்கி ஐந்தாம் முனையம், குறுக்குத்தீவு ரயில் பாதை, துவாஸ் துறைமுகம் என்று வேலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. 2025ஆம் ஆண்டுக்கான கட்டுமானத் தேவை 47 முதல் 53 பில்லியன் வெள்ளிவரை இருக்கும் என்று கட்டட, கட்டுமான ஆணையம் அந்த ஆண்டின் தொடக்கத்தில் முன்னுரைத்தது. இந்த வேலைகளை நடத்தப்போகிறவர்கள் இன்று வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்.

நம் சமூகத்துக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும் என்று நான் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நாட்டின் கட்டுமானத் தளங்களில் காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்பவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஊரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் தம்பிகளையும் அண்ணன்களையும் எந்தத் தளத்திலும் காணலாம். வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். அன்றைய ஆபத்துகளை ஆங்கிலத்தில் ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் தமிழில் சுருக்கிச் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள், பெயருக்கு எதிரே கையெழுத்து விழும். புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "அண்ணே, இன்றைக்கு அந்த ஓரத்தில் பெல்ட்டை எங்கே மாட்டுவீர்கள்? காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மாட்ட இடமே இல்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். பெல்ட்டை மாட்டுவதற்கான லைஃப்லைன் கயிறு இன்னும் இழுக்கப்படவில்லை. ஆனால் வேலை அட்டவணையில் ஏறிவிட்டது. இப்படிக் கேட்பவர் பாதுகாப்பு உதவியாளராக இருந்தால் அதைக் குறித்துவைத்துக்கொண்டு மேலே சொல்ல வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவரே திட்ட நிர்வாகியாக இருந்தால் அந்த வேலையை நாளைக்கு மாற்றிவிட்டு, இன்றைக்கு ஆட்களை வேறு பக்கம் அனுப்பிவிடலாம். தமிழ் தெரிந்த, ஊழியரின் தயக்கத்தைப் புரிந்த, அதே நேரத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் பட்டதாரிகள் நம்மிலிருந்து நிறையப் பேர் வர வேண்டும் என்பது என் ஆசை.

பெற்றோரின் தயக்கங்கள் நியாயமற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். வெயில் உண்மைதான். வேலை நேரம் நீளும், வாரக்கடைசியும் சில சமயம் போகும். கட்டுமான நிர்வாகப் பட்டம் பெற்றவர் நிபுணத்துவப் பொறியாளராகப் பதிவு செய்துகொள்ள முடியாது என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. வரைபடத்தில் கையெழுத்திட்டுச் சமர்ப்பிக்கும் உரிமை வேண்டும் என்று கனவு காணும் பிள்ளை, நிபுணத்துவப் பொறியாளர் வாரியம் ஏற்றுக்கொள்ளும் பொறியியல் பட்டத்தைத்தான் படிக்க வேண்டும். ஆனால் ஒரு திட்டத்தை முதல் கம்பத்திலிருந்து சாவி ஒப்படைக்கும் நாள்வரை நடத்திச்செல்ல விரும்பும் பிள்ளைக்கு, மனிதர்களோடு பழகுவதில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு, கண்ணெதிரே ஒன்று எழுவதைப் பார்த்து மகிழும் பிள்ளைக்கு இதைவிட நல்ல படிப்பு இல்லை. பெண் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது என்று சொல்பவர்கள் இன்றைய எம்ஆர்டி தளங்களில் தலைக்கவசம் அணிந்து வேலையை நடத்தும் பெண்களைப் பார்த்ததில்லை போலும்.

இன்னொரு பிரிவினரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் பட்டயமோ பட்டமோ முடித்துவிட்டு, இங்கே வேலை அனுமதிச் சீட்டிலோ எஸ் பாஸிலோ சூப்பர்வைசராக, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கும் இளைஞர்கள் மேற்கொண்டு படிக்கத் துடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தையும் போட்டுப் படிக்கிறார்கள். அந்த ஆர்வத்தைப் பயன்படுத்திக்கொண்டு, வகுப்புக்கே வராமல் பட்டம் என்று ஆசைகாட்டுபவர்களும் உண்டு. 2023 செப்டம்பர் முதல், உயர்நிலைப் பணியாளருக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் மதிப்பீட்டில் காட்டப்படும் கல்வித் தகுதிகளுக்குச் சரிபார்ப்புச் சான்று கேட்கப்படுகிறது. ஆதாரமற்ற பட்டம் அங்கே செல்லாது. ஊரிலேயே படிக்க விரும்புவோருக்குத் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழிற்பாதுகாப்புப் பொறியியல் முதுநிலைப் படிப்பும், சென்னை வட்டாரத் தொழிலாளர் நிலையத்தின் தொழிற்பாதுகாப்பு உயர்நிலைப் பட்டயமும் மதிப்புள்ளவை. இங்கே இருப்பவர்களுக்கு நம் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பல ஆண்டுகள் சாரத்தின்மேல் நின்று, ஃபோர்மனாகவும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராகவும் வேலை பார்த்தவரின் அனுபவத்தை முறையாகச் சோதித்து, அதற்குப் பட்டப்படிப்பில் உரிய பாட மதிப்பு கொடுக்கலாம். அத்தகையவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் பதினெட்டு, இருபது வயது மாணவர்கள் பாடப்புத்தகத்தில் கிடைக்காததைப் பக்கத்து இருக்கையிலிருந்து கற்பார்கள்.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் மாற்றமல்ல. கட்டுமான நிர்வாக மாணவரையும் பாதுகாப்பு மாணவரையும் பொறியியல் தொழில்நுட்ப மாணவரையும் இறுதியாண்டுத் திட்டத்தில் ஒரே குழுவாகப் போடுங்கள். உண்மையான தளம் ஒன்றின் அட்டவணையை அவர்கள் கையில் கொடுத்து, ஆபத்து எங்கே குவிகிறது என்று தேடச் சொல்லுங்கள். வேலைப் பயிற்சியில் சில வாரங்களையாவது பாதுகாப்பு அதிகாரியின் நிழலாக நடக்க ஒதுக்குங்கள். அவரோடு ஒருமுறை மனிதவள அமைச்சின் சோதனையை எதிர்கொண்ட மாணவர், பிற்காலத்தில் அவரைத் தடையாகப் பார்க்க மாட்டார். பாதுகாப்புப் பாடத்தில் தோற்றவருக்குக் கட்டுமான நிர்வாகப் பட்டம் கிடையாது என்று விதியுங்கள்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் இந்தப் படிப்புகளுக்கும் இடம் கொடுங்கள். இவற்றைப் படித்துவிட்டு இன்று தளங்களை நடத்திவரும் தமிழ்ப் பட்டதாரிகளை அழைத்துப் பேசவையுங்கள். பல்கலைக்கழகங்களின் பொது வரவேற்பு நாளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் அங்குள்ள விரிவுரையாளரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். இந்தப் பட்டத்தில் பாதுகாப்பு கட்டாயப் பாடமா, எந்தெந்த ஆண்டில் வருகிறது? அதைக் கற்பிப்பவர் கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்தவரா? பயிற்சிக்கு அனுப்பும்போது என் பிள்ளை யாருடைய பொறுப்பில் இருப்பான், அங்கே அவன் கண்ணால் பார்க்கும் ஆபத்தை யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அவனுடைய மதிப்பெண் பாதிக்கப்படுமா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலில் போடுவது என்று முடிவு செய்ய அது உதவும்.

இப்படிக்கு,
கட்டுமானத் துறை வாசகர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்.